பின்னால் நடப்பவள்

டீயைக் குடித்துவிடுங்கள், மேடம். இந்த ஊர்ப் பால் கெட்டி. பேச்சுக்கிடையே விட்டுவிட்டால் ஆடை கட்டிவிடும்.

நீங்கள் எழுதிக்கொண்டு வந்த அறிக்கையை நிதானமாகப் படித்தேன். விசாரணை என்றால் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஆனால் நீங்கள் மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நபீலாவின் மேல் பழி போடாமல், 'பதற்றத்தில் நேர்ந்த தவறு' என்று சொல்லியிருப்பது நல்ல மனது. ஆனால் ஓரிடம் சரியில்லை. அதைத் திருத்தாமல் என்னால் கையெழுத்துப் போட முடியாது. எதைத் திருத்த வேண்டும் என்று நேராகச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

எனக்குச் சத்தம் ஆகாது. ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் ஊர். தாவரவியல் படித்துவிட்டு, எல்லாரையும் போல ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் பிரிவில் போட்டார்கள். காதில் பஞ்சு மாதிரி ஒன்றைத் திணித்துக்கொள்ளச் சொல்வார்கள். அதையும் தாண்டி அந்த இடி மார்புக்குள் விழும். அங்கே யாரும் பேச மாட்டார்கள், கத்துவார்கள். விடுதிக்கு வந்த பிறகும் அதே குரலில்தான் "உப்பு எங்கடி" என்று கேட்பார்கள். கம்பெனி பஸ்ஸில் பாட்டு. என் தலைக்குள் எனக்கென்று ஒரு இடம் இல்லாமல் போயிருந்தது. நான் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. அந்த இடம் மட்டும் வேண்டும் என்று நினைத்தேன்.

காட்டை ஆய்வு செய்யும் இந்த அமைப்பில் பருவகாலக் களப்பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கம்பெனியை விட்டுவிட்டேன். ராகி அறுப்பு முடிந்ததிலிருந்து முதல் மழை வரைக்கும் வேலை. காட்டை மூடிவிடும் உண்ணிச்செடியை வெட்டி எடுத்த இடங்களில் புல் திரும்பி வருகிறதா, அதைத் தின்ன என்னென்ன வருகின்றன, யானை எந்த வழியாக எல்லை தாண்டிப் போகிறது, இதையெல்லாம் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு அதற்குள் இருக்கும் புல்லை எண்ணுவோம். மரத்தில் கட்டிய கேமராவுக்கு பேட்டரி மாற்றுவோம். மற்ற நாட்களில் நடை.

அந்த நடையைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். குறித்து வைத்த நேர்கோட்டில் இரண்டு பேர் போவார்கள். முன்னால் போகிறவர் நிமிரக் கூடாது. யானை லத்தி, காலடி, ஒடித்த கிளை என்று தரையை மட்டும் பார்க்க வேண்டும். பின்னால் வருகிறவர்தான் அவருடைய கண். துணியில் கட்டிய சாம்பல் முடிச்சைத் தட்டிக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். கோட்டில் இருக்கும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஏதாவது தென்பட்டால் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் தோளைத் தொடுவார். இடது தோள் என்றால் இடப்பக்கம் விலக வேண்டும், வலது என்றால் வலப்பக்கம். இரண்டையும் பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும். தொட்டதும் போய்விட வேண்டும், ஏன் என்று திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்க்கிற நேரத்தில் காரியம் கெட்டுவிடும்.

இதை இந்த முற்றத்தில்தான் பழகினோம். கண்ணைக் கட்டிவிட்டுத் தோளைத் தொடுவார்கள். நபீலாவுக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்துவிடும். ஆனால் ஒரு தடவைகூடத் தப்பான பக்கம் போனதில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம். அவள் அப்பா கௌஸ் பாஷா ஓசூரில் வண்டி சீட்டுக்கு உறை தைக்கும் கடை வைத்திருக்கிறார். அவள் தெருவில் எல்லா மொழியும் பேசுவார்கள் போல. தமிழில் தொடங்கி, கன்னடத்தில் கிண்டல் செய்து, தெலுங்கில் சண்டை போட்டு முடிப்பாள். கோட்டில் வாயே திறக்க மாட்டாள், நியாயமாக அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கோடு முடிந்த நொடியிலிருந்து, அடைத்து வைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சில் வரும். எனக்கு அவள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வனக்காவலுக்குக் கூட வரும் ஆஞ்சப்பன் அண்ணன் ஒரு நாள் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பாப்பா வாயத் தொறந்தா யானை காதப் பொத்திக்கும். அந்தப் பாப்பா வாயத் தொறந்தா யானையே பயந்து ஓடிடும், நம்ம காட்டுல புதுசா ஏதோ கத்துதுன்னு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் நடை முடிந்து வந்த அன்று என் காதுக்குள் ஈரத்துணி வைத்தது போல ஒரு குளிர்ச்சி இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. இனி இங்கிருந்து போகக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன். வேலையை அப்படிச் செய்தேன். சட்டத்துக்குள் இருக்கும் புல்லை நபீலா ஒரு பார்வை பார்த்து உத்தேசமாகச் சொல்லிவிடுவாள். அவள் தண்ணீர் குடிக்கப் போகும்போது நான் மறுபடி எண்ணிச் சரியாகப் போட்டு வைப்பேன். அதற்காக அவளைக் காட்டிக்கொடுத்ததில்லை.

பருவம் முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருவரைத்தான் வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சித்திரையில் ஒரு நாள் கமலக்கண்ணன் சாரிடம் கேட்டேன். அவர் இங்கே பொறுப்பாளர், பொய் சொல்லாத மனிதர்.

"உன் கணக்குல ஒரு கொற சொல்ல முடியாதும்மா கவிப்ரியா," என்றார். "ஆனா கணக்க யாருக்கு வேணாலும் சொல்லிக் குடுத்துடலாம். ராகிக் காட்ட யானை மேஞ்சுட்டுப் போன மறுநாள் அந்த ஊருக்குள்ள போய் நின்னு பேசணும் பாரு, அது நபீலாவுக்குத்தான் வருது. நீ கம்பெனியில திரும்பக் கேட்டுப் பாரேன். எடுத்துக்குவாங்க."

எடுத்துக்கொள்வார்கள்தான். அதே அச்சு இயந்திரம், அதே பஸ். நான் சரி சார் என்று சொல்லிவிட்டு, துவைத்த துணியை எடுத்து மடித்து வைத்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் பேரில் எனக்கு இதுவரைக்கும் கோபம் வந்ததே இல்லை.

அதற்கு அடுத்த வாரம், காலை நடை. அன்று அவள் முன்னால், நான் பின்னால். ஓடைக்கு இறங்கும் இடத்தில் உண்ணிச்செடி இன்னும் வெட்டப்படாமல் ஆள் உயரத்துக்கு நிற்கும். அவள் குனிந்து ஒரு லத்தியைக் கிளறிப் பார்த்தாள், உள்ளே ஈரமாக இருந்தது. எனக்குக் காட்டிவிட்டு மறுபடி நடந்தாள். அப்போதுதான் வலப்பக்கம் மூங்கிலுக்குள் ஒரு காது அசைந்தது. தனி யானை. கொம்பில்லாத ஆண், மக்னா என்பார்கள். கொஞ்ச நாளாகவே அது விரட்டுப் பட்டு, பட்டாசுச் சூடு பட்டு, எதைக் கண்டாலும் பாய்கிற நிலையில் திரிகிறது என்று ஆஞ்சப்பன் அண்ணன் எச்சரித்திருந்தார்.

இடப்பக்கம் பெரிய பாறை. ஏறி நின்றால் எதுவும் தொட முடியாது. நான் சாம்பலைத் தட்டினேன். காற்று மூங்கிலிலிருந்து எங்களை நோக்கி வந்தது. அதற்கு எங்கள் வாசனை போகவில்லை. எவ்வளவு நேரம் இருந்தது என்பதற்கு உங்கள் அறிக்கையில் 'நொடிப்பொழுது' என்று இருக்கிறது. அதுவும் அவ்வளவு சரியில்லை. எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. காடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த அமைதி இன்னும் சில வாரங்களில் என்னிடமிருந்து போய்விடும் என்று நினைத்தேன். அவள் கழுத்தில் வியர்வையில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தேன். பிறகு கையை நீட்டினேன்.

நான் தொட்டது அவளுடைய வலது தோளை.

அவள் தயங்கவில்லை. தலையைத் தூக்கவும் இல்லை. கற்றுக்கொடுத்தபடியே, ஏன் என்று கேட்காமல் வலப்பக்கம் திரும்பிப் போனாள். நான் பாறையில் ஏறினேன். ஓடவில்லை, காட்டில் ஓடக் கூடாது.

யானை போன பிறகு நான்தான் இறங்கிப் போய்ப் பார்த்தேன். துப்பட்டாவைக் கிழித்து அவள் தொடையில் இறுக்கிக் கட்டினேன். கோட்டின் முனையில் காத்திருந்த ஆஞ்சப்பன் அண்ணனைக் கூப்பிட்டேன். ஆமாம், கத்தித்தான் கூப்பிட்டேன். இருவருமாக ரோடு வரைக்கும் தூக்கி வந்தோம். அந்தக் கட்டு இல்லாவிட்டால் அவள் பிழைத்திருக்க மாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அது சரி. அதை எடுக்க வேண்டாம்.

அவளுக்கு நினைவு வந்ததும் முதலில் என்னைத்தான் கேட்டிருக்கிறாள். போனேன். அவள் அம்மா காத்தூன் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நபீலா வெகு நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"கவி, நீ எந்தத் தோளத் தொட்ட?"

"இடது," என்றேன்.

அவள் அழுதாள். "அப்ப நான்தான்டி. நான்தான் சோத்தாங்கைப் பக்கம் திரும்பிட்டேன். உன்னையும் சேத்துக் கொன்னிருப்பேனே."

அவளாகவேதான் கமலக்கண்ணன் சாரிடம் அப்படிச் சொன்னாள், நான் சொல்லச் சொல்லவில்லை. அதைத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். இடுப்பு கூடிவிட்டது, கால் இல்லை. அதாவது இருக்கிறது, ஆனால் ஊன்ற முடியாது. நான் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஓசூருக்குப் போகிறேன். காத்தூன் அம்மா எனக்காகக் காரம் குறைத்துச் சமைத்து வைப்பார். "நீ வந்தாத்தான் கண்ணு இவ ரெண்டு வாய் சாப்புடறா" என்பார். சாப்பிட்டதும் நபீலா கண்ணை மூடிக்கொண்டு, "தொட்டுப் பாருடி" என்பாள். நான் தோளைத் தொடுவேன். எந்தப் பக்கம் என்று அவள் தலையைச் சாய்த்துக் காட்டுவாள். ஆரம்பத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்து, "அன்னிக்கி மட்டும் எப்படிடி?" என்று கேட்பாள். பயத்தில் அப்படி ஆகும் என்பேன். "எனக்குத்தான் யானை இருக்கறதே தெரியாதே, எதுக்குப் பயந்தேன்?" என்பாள். உடம்புக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்வேன்.

சில வாரங்களாக அவள் தவறாகக் காட்டுகிறாள். இடதைத் தொட்டால் வலது பக்கம் சாய்கிறாள். டம்ளரை எந்தக் கையில் பிடித்திருக்கிறோம் என்று ஒரு கணம் நின்று பார்க்கிறாள். காத்தூன் அம்மா பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனார். தலையில் ஒன்றும் இல்லையாம். முதல் தடவை அவள் தவறான பக்கம் சாய்ந்த அன்று, என்னவென்று சொல்வது, எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அவளே சொன்னது போலத்தான் நடந்ததோ என்றுகூடத் தோன்றியது. பஸ்ஸில் திரும்பும்போது என் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீங்கள் கேட்பீர்கள், இவ்வளவு நாள் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் என்று. உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கம்தான் காரணம். இனிமேல் தோளைத் தொடும் முறை வேண்டாம், நடக்கும்போது வாய்விட்டுப் பேசியே எச்சரிக்க வேண்டும், இருவரும் விசில் வைத்திருக்க வேண்டும் என்று பரிந்துரை செய்திருக்கிறீர்கள். அடுத்த பருவத்திலிருந்து எல்லாக் கோடுகளிலும் அப்படித்தான் என்று கமலக்கண்ணன் சாரும் சொல்லிவிட்டார். பயிற்சி பெற்றவரே தவறாகப் புரிந்துகொள்ளும் முறையை நம்ப முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் பிழை. முறையில் ஒரு குறையும் இல்லை. நான் தொட்ட பக்கம்தான் அவள் போனாள், துளியும் பிசகாமல். அதைவிடச் சரியாக அந்த முறை வேலை செய்ய முடியாது. கத்திக்கொண்டும் விசில் ஊதிக்கொண்டும் போவதற்கு அந்தக் காடு எதற்கு? அதற்கு ஓசூரே போதும்.

ஆகவே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, நான் சொன்னதைப் போடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். போலீசுக்குச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை என்றால் சொல்லுங்கள், நான் இங்கேதான் இருப்பேன். இதை நான் வேலைக்காகச் செய்யவில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வேலை எனக்குக் கிடைத்தது அதற்குப் பிறகுதானே.

நபீலாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். இப்போதுதான் அவள் தன் தவறை ஒப்புக்கொள்ளப் பழகியிருக்கிறாள். என்னைத் தவிர அவளுக்கு வேறு தோழி இல்லை, மேடம். இதைக் கேட்டால் அவள் என்னைச் சேர்க்க மாட்டாள், அப்புறம் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?