மந்திரி வூடு

மந்திரி வூடு எதுன்னு கேட்டுத்தான வந்தீங்க, ஏட்டய்யா? தெரியும். சேரப்பணஞ்சேரில ரகுபதி வூடுன்னு கேட்டா எந்த ரகுபதின்னு திருப்பிக் கேப்பானுங்க. மந்திரின்னா நண்டு சிண்டெல்லாம் கைய நீட்டும். உள்ள வாங்க. அந்த நாற்காலி வோணாம், ஒரு கால் ஆடுது. பெஞ்சில குந்துங்க. தொப்பிய இப்படிக் குடுங்க, ஆணில மாட்டறேன். சரி சரி, முட்டி மேலயே வெச்சுக்கங்க.

மொதல்ல மோர் குடிங்க. படப்பைலேருந்து இந்த வெயில்ல சைக்கிள் மிதிச்சுகினு வந்துகீறீங்க. கறிவேப்பில போடல, பயப்படாம குடிங்க. எப்படித் தெரியும்னா? சும்மா தான். சில பேருக்கு அது ஆவாது.

ஆமா, பாஸ்போர்ட் விசாரணைன்னு தெரியும். இந்த வாரம் எப்ப வோணா வருவாங்கன்னு சொன்னாங்க. அதான் ரைஸ் மில்லுக்கு லீவு சொல்லிட்டு வாசலப் பாத்துகினே குந்திகினுகீறேன். பொண்ணு இல்ல, சர்டிபிகேட் வாங்க மெட்ராஸ் போயிகீது. எந்தம்பிக்கு ஃபஸ்ட் ஷிப்டு. நான் இருக்கேம்மான்னு அவளும் சொன்னா, நான் லீவு போடறேங்க்கான்னு அவனும் சொன்னான். ரெண்டு பேரையும் தொரத்தி வுட்டேன். இந்த வாட்டி போலீஸ் வந்தா நான் ஒருத்தி தான் பேசுவேன், வேற எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டேன். அக்கம்பக்கத்துல வேற விசாரிப்பீங்க இல்ல? பக்கத்து வூட்டு கிளியம்மா கிட்டயும் சொல்லி வெச்சுகீறேன். நல்ல பொண்ணு, அவ்ளோ தான் சொல்லணும், மேல ஒரு வார்த்த சேத்தே, எங்க கெணத்துல உனுக்குத் தண்ணி கெடையாதுன்னு. தோ, வேலி சந்துல பாக்கறா பாருங்க. போடி உள்ள!

எழுதிக்கங்க. பொண்ணு பேரு லீலா. அப்பா பேரு தசரதன், இவ தவழ சொல்லோவே போயிட்டாரு. நான் அம்மா, பாஞ்சாலி. அப்போ பொறந்த வூட்டுக்கு வந்தவ தான், இங்கயே தங்கிட்டேன். வளத்தது, படிக்க வெச்சது எல்லாம் எந்தம்பி ரகுபதி. அவன் கல்யாணங்கூட கட்டிக்கல.

கேஸா? இவ மேலயா? போன வருஷம் கைய காட்டியும் நிறுத்தாம போன பஸ்ஸ அடுத்த பஸ்ல ஏறித் தொரத்திகினு போயி, தாம்பரத்துல அந்த டிரைவர புடிச்சு ஏன் நிறுத்தலன்னு கேட்டா. அது கேஸுன்னா எழுதிக்கங்க. சிரிக்கறீங்க. அந்த டிரைவரும் இப்டி தான் சிரிச்சாராம். இப்பல்லாம் நிறுத்தறாரு.

இன்னா படிக்கப் போறான்னா கேக்கறீங்க? அத்த கடேசில எழுதிக்கலாம், ஏட்டய்யா. அந்த எடத்த மட்டும் காலியா வுடுங்க. அய்ய, சொல்ல மாட்டேன்னா சொல்றேன்? சொல்றேன். இந்த வூட்டுல அந்த ஒரு கேள்விக்கு ஒரு தபா பதில் சொல்லி, அது இன்னும் ஆறல. அத்த நீங்க கேட்டுட்டு எழுதினா எனக்குக் கொஞ்சம் நிம்மதி. அடுத்த மாசம் வெளிநாட்டுல அந்தக் காலேஜ் தொறக்கறாங்களாம். அதுக்குள்ள பாஸ்போர்ட் வரலன்னா சீட்டு வேற ஒருத்திக்குப் போயிடுமாம்.

எந்தம்பிக்கும் இதே மாதிரி ஒரு சீட்டு வந்துச்சு. இந்தி வோணாம்னு காலேஜ் பசங்கல்லாம் ரோட்ல எறங்கினாங்களே, அந்த வருஷம். நீங்க அப்போ சின்ன வயசா இருந்திருப்பீங்க. பச்சையப்பன் காலேஜோ எதுவோ, அங்க படிச்சு முடிச்சான். வெளிநாட்டுல ஒரு காலேஜுல மேல் படிப்புக்குக் கூப்ட்டாங்க. லண்டன் இல்ல, அதுக்கு இன்னும் மேல ஒரு ஊராம். எங்களுக்கு எல்லாமே லண்டன் தான். இன்னாடா படிப்புன்னு எங்க நைனா கேட்டாரு. தாண்டவராயன்னா ஏரிக்கரை வரைக்கும் தெரியும், ஏர் ஓட்டறவரு, கையெழுத்து வராது. இவன் இங்கிலீஷ்ல ஒரு பேர சொன்னான். அவருக்கு வாயில நுழையல. தமிழ்ல சொல்லுடான்னாரு. இவன் யோசிச்சுட்டு, அரசியல், நைனான்னான்.

அவ்ளோ தான். அந்த ஒரு வார்த்தைல அவருக்கு றெக்க மொளச்சுடுச்சு.

டாக்டருக்குப் படிச்சா டாக்டரு, வக்கீலுக்குப் படிச்சா வக்கீலு. அரசியலுக்குப் படிச்சா? நீங்களே சொல்லுங்க. எம் புள்ள மந்திரிக்குப் படிக்கப் போறான்னு டீக்கடைல சொன்னாரு, களத்து மேட்டுல சொன்னாரு, குன்றத்தூர் கோயிலுக்குப் போயி மொட்டை அடிச்சவன் கிட்டல்லாம் சொன்னாரு. ஊரு ஜனம் நம்பிச்சு. எங்களுக்கு இன்னா தெரியும்? போயிட்டு வரணும், வந்ததும் ஏரி மதகு சரி பண்ணணும், சுடுகாட்டுக்குப் பாதை போடணும்னு வந்து வந்து சொல்லிட்டுப் போவாங்க. இவன் தலையில அடிச்சுப்பான். நைனா, அது மந்திரி ஆவற படிப்பு இல்ல, மந்திரிங்க இன்னா பண்றாங்கன்னு பாக்கற படிப்பும்பான். அவரு, அட தெரிஞ்சுகினு வந்தா நீயும் பண்ணப் போறம்பாரு. நான் சிரிப்பேன். பெருமையாவும் இருக்கும் எனக்கு, பொய் சொல்லக் கூடாது.

இத்தக் கேளுங்க. ஊர்வலம், அடிதடி, துப்பாக்கிச் சூடுன்னு மெட்ராஸே ரெண்டாப் போச்சே, அப்போ எந்தம்பி எங்க இருந்தான் தெரியுமா? இந்த வூட்ல, இதோ இந்த மூலைல, ஜமக்காளத்தப் போத்திகினு படுத்துகினுகீறான். பொன்னுக்கு வீங்கி. எனக்கு அந்தத் தையில தான் கல்யாணம். ஓடி ஓடி பந்தி பரிமாறினவன் மறு வாரம் படுத்துட்டான். தாடை ரெண்டு பக்கமும் வீங்கி, மூஞ்சி பூசணிக்கா மாதிரி. தங்கம் போட்டா எறங்கும்னு சொல்லுவாங்க இல்ல? எங்க அம்மா இல்ல, வூட்ல வேற தங்கமும் இல்ல. எங்கல்யாணச் சங்கிலியக் கழட்டி அவன் கழுத்துல மாட்டினேன். எங்கடி சங்கிலின்னு மாமியாரு புடுங்கி எடுத்தாங்க. ஊரே கொடி புடிச்சுகினு போவ சொல்லோ, இவன் பொம்பள சங்கிலியப் போட்டுகினு கஞ்சி குடிச்சுகினு கெடந்தான். அவனுக்கே அது வெக்கம். நானும் போயிருக்கணும்க்கான்னு சொல்லுவான்.

அந்த ஆடிக்கு நான் அம்மா வூட்டுக்கு வந்திருந்தேன். அப்போ தான் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க ஒரு போலீஸ்காரரு வந்தாரு. தம்பி வூட்ல இல்ல. நைனா வேட்டிய எறக்கி வுட்டுகினு, துண்ட ஒதறிப் போட்டுகினு, பெஞ்சத் தொடைச்சு ஒக்கார வெச்சாரு. நான் மோர் கொண்டாந்து குடுத்தேன்.

பையன் இன்னா பண்றான்னு கேட்டாரு.

அரசியல்ல கீறான்னாரு எங்க நைனா.

அந்தப் போலீஸ்காரரு நிமிந்து பாத்தாரு. எந்த அரசியலுன்னாரு. பெரிய அரசியலு, வெள்ளக்காரனே கூப்புடறான்னாரு இவரு. கூட்டத்துக்கெல்லாம் போவானான்னா, அவன் இல்லாத கூட்டமா சார்ங்கறாரு. தை மாசம் காலேஜ் பசங்க ஊர்வலம் போனாங்களே, அதுலன்னு கேட்டாரு. எங்க நைனா நெஞ்ச நிமித்திகினு சொல்றாரு, முன்னாடி கொடி புடிச்சவனே எம் புள்ள தான்னு.

நான் அடுப்பாண்ட நின்னுகினு வாயப் பொத்திச் சிரிக்கறேன். பூசணிக்கா மூஞ்சிய வெச்சுகினு கொடி புடிச்சானா இவன்னு. பெத்தவரு புள்ளையப் பெருசாச் சொல்றாரு, அவ்ளோ தான நமக்குத் தெரியும். வந்தவரும் சிரிச்சுகினே தான் எழுதினாரு. போவ சொல்லோ நைனா வாசல் வரைக்கும் போயி, எம் புள்ள மந்திரி ஆனா உங்கள மறக்க மாட்டான் சார்னு சொல்லி அனுப்பினாரு.

பாஸ்போர்ட் வரல.

ஆடி போச்சு, ஆவணி போச்சு. அந்த ஆபீஸுக்கு நடையா நடந்தான். இன்னிக்கு வா, நாளைக்கு வான்னாங்க. சீட்டு போயிடுச்சுன்னு அங்கேருந்து வேற சொல்லிட்டாங்க. அப்புறம் ஒரு நாள் அங்க கீற பியூனு பாவம்னு தனியாக் கூப்ட்டு சொன்னாராம். தம்பி, உன் பேருக்கு நேரா பொலிட்டிகல்னு எழுதிகீது, இனிமே அலையாதன்னு.

நேரா வூட்டுக்கு வந்தான். தல தீபாவளிக்கு வந்திருந்த நான் கெணத்தாண்ட பாத்திரம் தேச்சுகினு இருந்தேன். செருப்பக் கூட கழட்டல. அக்கா, அது ரெண்டு வார்த்தைக்கா, ஒண்ண எழுதிட்டு இன்னொண்ண வுட்டுட்டாங்கன்னான். எனக்கு ஒண்ணும் புரியல. பொலிட்டிகல் சயின்ஸுன்னா படிப்பு, பொலிட்டிகல்னு மட்டும் எழுதினா கலாட்டா பண்றவன்னு அர்த்தம்க்கா, அந்த வருஷம் அது போதும்க்கான்னான். அழுவல. அழுதிருந்தா தேவல.

நைனா கிட்ட சொல்லாதக்கான்னான். அத்த மட்டும் தான் கேட்டுகினான். அவரு பெருமையாச் சொன்னது தான் ஆள அடிச்சதுன்னு தெரிஞ்சா செத்துடுவாருக்கான்னான். சொல்லல, ஏட்டய்யா. அவரு சாவற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் சொல்லல. அவரு இன்னா சொல்லுவாரு தெரியுமா ஊர்ல? வெள்ளக்காரன் எம் புள்ளையப் பாத்து பயந்துட்டான்யா, அதான் கூப்புடலம்பாரு. இவன் அத்தக் கேட்டுகினு பக்கத்துல குந்திகினு இருப்பான்.

ஊருக்கு ஒரு பேரு கெடச்சுது. மொதல்ல மரியாதையா தான் மந்திரின்னு கூப்ட்டாங்க. அப்புறம் கேலி. இப்போ கேலியும் இல்ல, பேரே அது தான். ஒரகடம் ரோட்ல நட்டு போல்ட்டு கம்பெனி ஒண்ணு கீதே, அங்க டைம் ஆபீஸ்ல கீறான். யாரு வந்தான், யாரு வரல, எவனுக்கு ஓவர்டைமுன்னு கார்டு பாக்கற வேல. மந்திரி, என் கார்டக் கொஞ்சம் பாருன்னு சின்னச் சின்னப் பசங்கல்லாம் சொல்லுவானுங்க. சரிப்பாம்பான். கோவமே வராது அவனுக்கு. எனக்கும் இப்பல்லாம் வரதில்ல. கோவப்படறதுக்கும் ஒடம்புல தெம்பு வோணும் இல்ல?

தோ, மேல பாருங்க, பரண்ல ஒரு எடம் மட்டும் சுத்தமா கீது இல்ல? அங்க ஒரு டிரங்குப் பெட்டி இருந்துச்சு. லண்டனுக்குன்னு நைனா வாங்கினது. வருஷா வருஷம் எறக்கி, தொடைச்சு, வேப்பெல போட்டு திரும்ப ஏத்துவாரு. போன வாரம் தான் அத்த எறக்கினோம். லீலா சிரிக்கறா, இத்த ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டாங்கம்மான்னு. எந்தம்பி ஒரு ஈரத் துணிய எடுத்துகினு வந்து மொத்தப் பெட்டியையும் தொடைச்சான். பூட்டு தொறக்குதான்னு பாத்தான்.

ஆங், படிப்பு. தெரிஞ்சு போச்சா உங்களுக்கு? அதே படிப்பு தான். ஆயிரம் படிப்பு கீதே, டைப் படி, டீச்சருக்குப் படி, கம்ப்யூட்டர்னு என்னவோ வந்துகீதாமே அத்தப் படின்னு தலபாடா அடிச்சுகினேன். மாமன் வெச்சிருந்த புஸ்தகத்தையெல்லாம் பள்ளிக்கூடத்துலயே முடிச்சுட்டா. இது தான் வோணும்னுட்டா. எந்தம்பி என் கிட்ட தனியா வந்து, அக்கா, போலீஸ் கேட்டா சரித்திரம் படிக்கப் போறான்னு சொல்லிடுக்கான்னான். யாரு, அவனே சொல்றான். அன்னிக்கி பூரா எனக்கு சோறு எறங்கல. இல்லடா, நாம எதுக்குடா பொய் சொல்லணும், அன்னிக்கும் பொய் தான நம்பள கெடுத்துச்சுன்னேன்.

இப்போ எழுதுங்க. தமிழ்ல வோணாம், அரசியலுன்னே எழுத வோணாம். தோ, செவுத்துல சுண்ணாம்புக் கட்டியால எழுதி வெச்சுட்டு போயிகீறா பாருங்க, பாத்து அப்டியே எழுதுங்க. பொலிட்டிகல். ம். இருங்க, பேனாவ மூடாதீங்க. இன்னும் கீது. சயின்ஸ். ஆமா, அதுவும் தான். நடுவுல கொஞ்சம் எடம் வுட்டு எழுதுங்க. காட்டுங்க பாப்போம். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனா ஒண்ணா ரெண்டான்னு பாக்கத் தெரியும். ஆங். ரெண்டு கீது.

மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா? ஏன், போதுமா? கறிவேப்பில விஷயம் எப்படித் தெரியும்னு ரெண்டு வாட்டி கேட்டுட்டீங்க. அன்னிக்கு நைனா முன்னாடி இதே பெஞ்சில குந்தி ஒவ்வொரு எலையா எடுத்து டம்ளர் விளிம்புல ஒட்ட வெச்சுட்டுப் போனீங்க, கழுவினவ நான் தான. அப்போ உங்களுக்கு அர டவுசரு, மீச கருப்பா இருந்துச்சு. தொப்பிய இப்டியே தான் முட்டி மேல வெச்சுகினு இருந்தீங்க.

குந்துங்க, ஏட்டய்யா, குந்துங்க. கையெழுத்து போட்டுட்டு எழுந்திரிங்க.