ஒரு சாண் தள்ளி

— பானை ஒண்ணுகூட உடையலையேடா குஞ்சு. கட்டினது கட்டின மாதிரியே தொங்குது. இவ்வளவு நேரம் வெடிச்சதெல்லாம் காத்தையா சுட்டே?

— அக்கா! நீ எப்ப வந்தே? ஒரு கார்டு போட்டிருந்தா பஸ்ஸடிக்கு வண்டி அனுப்பியிருப்பேனே.

— வண்டி கிடக்கட்டும். பஸ்ஸை விட்டு இறங்கறப்பவே சத்தம் கேட்டுது. டீக்கடையில உக்காந்திருந்தவங்க என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வெச்சுட்டு எழுந்து போயிட்டாங்க. சத்தம் வந்த பக்கமா நடந்து ஆத்தங்கரை ஏறினா, நீ இங்கே துப்பாக்கியும் கையுமா நிக்கிறே. காரியக்காரரைப் பானை கட்ட வெச்சுட்டு இது என்ன விளையாட்டு?

— வாங்க ஆச்சி. வெயில்ல நிக்கிறீங்களே, குடை பிடிக்கட்டுங்களா?

— வேணாம் துரைராசு. நீ தள்ளி நில்லு. நான் என் தம்பிகிட்ட பேசணும்.

— ஆகட்டுங்க.

— அதெல்லாம் ஒண்ணுமில்லேக்கா. நாளைக்குச் சாயங்காலம் களத்துமேட்டுல ரெத்தினம் கூலி ஆளுங்க சங்கத்துக் கூட்டம் போடறான். புளியமரத்துல மைக் குழாயைக் கட்டி ஊரே கேக்குற மாதிரி கத்தப் போறான். அந்தக் குழாயை மட்டும் ஒரே வெடியில உடைச்சுட்டேன்னு வை, கூட்டம் நெல்லிக்காய் மூட்டையாச் சிதறிடும். பானைதான் குழாய்னு வெச்சுக்க. அதுக்குத்தான் இந்தப் பழக்கம்.

— குழாயை உடைக்கிறதுக்குத் துப்பாக்கி எதுக்குடா? போய்க் கழட்டிட்டு வாங்கடான்னா ஆச்சு.

— யாரு கழட்டுவா? என் பேச்சைக் கேக்குறதுக்கு என் பண்ணையில இப்ப யாரு இருக்கா? கூலி நெல்லு கூடக் கேட்டான், முடியாதுன்னேன். வெளியூர் ஆளை அறுப்புக்கு இறக்கினேன், வரப்புலயே மறிச்சுட்டான். கதிர் முத்தி வயல்லயே கொட்டுது. போலீஸைக் கூப்பிட்டா, மேலே கேட்டுச் சொல்றோம்கறாங்க. நம்ம வீட்டுல சாப்பிட்டு, நம்ம வண்டியில போய் ஓட்டுக் கேட்டவன் இன்னிக்கு மந்திரி. ஆள் அனுப்பினேன். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டான்.

— இந்தக் கோவத்தைப் பார்த்துத்தான் உங்க அத்தான் பயப்படறார். கோர்ட்டுல உன் பேரு அடிபடுதாம். வக்கீலுங்க கூடிக் கூடிப் பேசறாங்களாம். போய் உன் தம்பியைப் பிடின்னு காலையில முதல் பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டார். எங்கேர்ந்து சுடப் போறே?

— நம்ம ரைஸ் மில்லு மாடியிலேர்ந்து. அங்கேர்ந்து புளியமரம் எவ்வளவு தூரமோ, இங்கேர்ந்து பானை அவ்வளவு தூரம். கயிறு பிடிச்சு அளந்தாச்சு.

— ரெண்டு தடவை அளந்தேங்க ஆச்சி. கயிறு இழுபடும்ல.

— சரி, பானைக்கு நேர் கீழே எதுக்குக் கோரைப்பாய் கட்டியிருக்கே?

— குண்டு எங்கே போகுதுன்னு தெரியணும்ல? மணல்ல விழுந்தா எங்கே போய்த் தேடறது?

— வா, கிட்டப் போய்ப் பார்ப்போம். என்னை என்ன பார்க்கிறே, நட.

— எதுக்குக்கா வெயில்ல...

— அடேயப்பா! என்னடா குஞ்சு இது, துளையெல்லாம் ஒரே இடத்துல இருக்கு! என் உள்ளங்கையை வெச்சா அத்தனையும் மறைஞ்சு போகுதே. இதை நீயா சுட்டே?

— ஏன், நான் சுடக் கூடாதா?

— பொங்கலுக்கு வந்தப்ப தேங்காயைக் காட்டினேனே, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வெடுக்குன்னு இழுத்தே. மரத்துக்கே படலே. அந்தக் கையா இது?

— அதுக்கப்புறம் பழகிட்டேன்.

— பழகினா நல்லதுதான். ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு, கவனமாக் கேளு. சீனாக்காரன் சண்டை வந்தப்ப தஞ்சாவூர் ரைஃபிள் கிளப்புல எங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தாங்களே, முத நாள் பாடமே இதுதான். குண்டு இங்கே ஒண்ணும் அங்கே ஒண்ணுமாச் சிதறினா அது சுடறவன் கோளாறு. மூச்சை அடக்கலே, விரல் பதறுது. எல்லாம் ஒரே இடத்துல கூடி, அந்த இடம் குறியை விட்டுத் தள்ளியிருந்தா கை பேர்ல குத்தமில்லே. துப்பாக்கியில குறி பார்க்கிற சைட்டு தப்பு. பின்னாடி சைட்டை ஏத்தினா குண்டு ஏறும், வலப்பக்கம் தள்ளினா வலப்பக்கம் போகும். முனையில இருக்கிற மணியைத் தொட்டா எல்லாம் நேரெதிர். சிதறுற கைக்கு வைத்தியம் கஷ்டம். இந்த மாதிரிக் கூடுற கைக்கு ஒண்ணுமே வேணாம். ஒரு சாண் தள்ளி விழணும்னா ஒரு சாண் தள்ளியே விழும்.

— அப்படிங்களா ஆச்சி?

— அப்படித்தான் துரைராசு. பாரு, இவன் பானையைப் பார்த்துச் சுட்டிருக்கான், அத்தனை குண்டும் கீழே பாயில இறங்கியிருக்கு. சைட்டு ரொம்பத் தாழ்ந்து கிடக்கு. குஞ்சு, இப்படியே நாளைக்கு மாடியில போய்ப் படுத்தேன்னா குழாய் தப்பிச்சுடும். குழாய்க்குக் கீழே நின்னு பேசறவன் நெஞ்சுல போய் இறங்கும். உயிர் போயிடும்டா. குடு, நான் சரி பண்ணித் தர்றேன்.

— வேணாம்க்கா. நானே கொஞ்சம் தூக்கிப் பார்த்துக்கறேன்.

— தூக்கிப் பார்த்துக்கறதா? ஒரு மனுஷன் தலைக்கு மேலே சுடப் போறே, உத்தேசமாவா சுடுவே? குடுன்னா குடு. நீ சுடவே கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன். கேக்க மாட்டே, தெரியும். அடம் பிடிக்கிறதுல அப்பாவையே தோக்கடிச்சவன் நீ. குறைஞ்சது யாரும் சாகாமலாவது இருக்கட்டும்.

— ஐயா, ஆச்சி கேக்கறாங்க. குடுத்துடுங்க.

— இந்தா.

— மணிக்கு யாருடா கரி பூசினது?

— விளக்குப் புகையில காட்டினது நாந்தாங்க. சாயங்கால வெயில் ஒரு பக்கமா அடிச்சா மணி பளபளங்கும். கண்ணு அந்தப் பக்கமாச் சாயும்னு... ஐயா சொன்னாங்க.

— இவனா சொன்னான்? எனக்கே கிளப்புல மூணாவது வருஷம்தான் சொன்னாங்க. சரி, கரைக்கு வாங்க ரெண்டு பேரும். துரைராசு, அந்தச் சாக்கைத் தூக்கிட்டு வா, படுக்கணும். ஏன் இடது தோள்ல போட்டுக்கிறே? வலது தோளுக்கு என்ன?

— நேத்து மூட்டை தூக்கினேங்க. கன்னிப் போயிருக்கு.

— பார்த்துக்க. விளக்கெண்ணெய் தடவு. குஞ்சு, உனக்கு எப்படி இருக்கு? உதைக்கிற துப்பாக்கியாச்சே. நான் இப்ப உன் தோளைப் பிடிச்சு அழுத்தறேன், நீ ஒரு முகம் கூடச் சுளிக்கலே.

— துண்டை மடிச்சு வெச்சுக்கிட்டுச் சுட்டேன்.

— கெட்டிக்காரன். சரி, எதையும் திருகறதுக்கு முன்னாடி வேற ஒரு ஆள் சுட்டுப் பார்க்கணும். அது கிளப்புல கட்டாயம். ஒரே குண்டு, நான் சுடறேன்.

— அக்கா, எதுக்கு வீணா? திருகிட்டுச் சுடேன்.

— பேசாம இரு. படுத்துட்டேன். புடவையில மணல் ஒட்டினா ஒட்டட்டும். நடுப்பானையைத்தான் பார்க்கிறேன். சைட்டு தாழ்ந்திருந்தா பாயில இன்னொரு துளை விழும்... யாரும் அசையாதீங்க.

— ...

— உடைஞ்சுடுச்சுங்க ஆச்சி. நடுப்பானை.

— தெரியுது துரைராசு.

— அக்கா, எழுந்திரு. வீட்டுக்குப் போய்க் காப்பி சாப்பிடலாம்.

— பானையைப் பார்த்தேன், பானை உடைஞ்சுது. சைட்டுல ஒரு நூல் தப்பு கூட இல்லேடா குஞ்சு.

— ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்...

— என் கண்ணைப் பார்த்துப் பேசு. இந்தத் துப்பாக்கி பார்க்கிற இடத்துல சுடுது. அப்ப அந்தப் பாயில விழுந்த குண்டெல்லாம் பாயைப் பார்த்துச் சுட்டது. நாலடி, அஞ்சடி... மனுஷன் நெஞ்சு உயரம். உனக்குக் குழாய் வேணாம். ரெத்தினம்தான் வேணும்.

— ஆமாம். அவன்தான் வேணும். போதுமா?

— அடப்பாவி! எங்கேடா கத்துக்கிட்டே இதை?

— நாளைக்கு அவன் குழாய்ல என்ன பேசப் போறான்னு தெரியுமா உனக்கு? கூலி இல்லே. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து எந்த நிலத்தை யார் பேர்ல மாத்தி வெச்சிருக்கேன்னு மனப்பாடமா ஒப்பிக்கப் போறான். செத்துப் போன சித்தப்பா பேரு. மில்லு டிரைவர் பேரு. உன் பேரு! ஆத்தோரத்து நஞ்சை உன் பேர்லதான் இருக்கு. வருஷா வருஷம் தஞ்சாவூருக்கு வர்ற அரிசி எங்கே விளைஞ்சுதுன்னு நினைச்சே?

— என் பேரைச் சொல்லட்டும். நஞ்சை போனாப் போகட்டும். கடையில அரிசி வாங்கிச் சாப்பிட்டுக்கறேன்.

— உனக்கென்ன, சொல்லுவே. இங்கே இருந்து அசிங்கப்படப் போறது நான்.

— ரெத்தினம் பேர்ல எனக்கொண்ணும் பாசமில்லேடா. போன அறுப்புல, அத்தனை பேர் பார்க்க, என்னைப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். சௌந்தரநாயகின்னு. எனக்குக் காது வரைக்கும் எரிஞ்சுது, இன்னும் எரியுது. அதுக்காக அவனைச் சாகவிட முடியுமா? அவனுக்கு ஒரு குடும்பம் இருக்கு. அதை விடு, நீ கொலைகாரனா நிக்கிறதை நான் பார்க்கணுமா? உனக்குத் தலை வாரி விட்ட கைடா இது.

— முடிவு பண்ணியாச்சுக்கா. நீ பஸ் ஏறிப் போயிடு. ஒண்ணும் தெரியாத மாதிரி இரு.

— போலீஸுக்குப் போவேன்.

— போ. அங்கே உக்காந்திருக்கிறவன் உன்கிட்ட மோர் குடுத்துட்டு எனக்கு ஆள் அனுப்புவான்.

— ரெத்தினத்துகிட்டயே போய்ச் சொல்வேன்.

— அவன் கேக்க மாட்டான். மிரட்டி அனுப்பினேன்னு நினைப்பான். இன்னும் உசந்த மேடை போட்டு ஏறி நிப்பான்.

— ஆமாம். நிப்பான். அவனும் உன்னை மாதிரிதான்.

— அதான் சொல்றேன், பேசாம இரு.

— சரி. அப்ப இதைக் கேளு. துரைராசு, நீயும் கேளு, நாளைக்குச் சாட்சி வேணும். நாளைக்குச் சாயங்காலம் நானும் களத்துமேட்டுக்குப் போறேன். ரெத்தினம் பக்கத்துல, தோளோட தோள் உரச நிக்கப் போறேன்.

— அந்தத் தெரு ஆளோடயா? நீயா? ஊரு சிரிக்கும்!

— சிரிக்கட்டும். நீ மில்லு மாடியில படுத்து, கரி பூசின மணியில என் முகத்தைப் பாரு. என்னைப் பார்த்தா உன் கை நடுங்கும். நடுங்கற கைக்கு எந்தச் சைட்டும் உதவாது. நம்ம அம்மா வயித்துல பிறந்தவன் என்னைத் தாண்டிச் சுட மாட்டான். அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

— வேணாம்க்கா! நிக்காதே. உன் காலைப் பிடிச்சுக்கறேன், நிக்காதே.

— பயந்துட்டேல்ல? அது போதும் எனக்கு. எழுந்திரு, அழாதே. வா, வீட்டுக்குப் போவோம்.

— அதில்லேக்கா... நாளைக்கு நான் ஊர்லயே இருக்க மாட்டேன். கும்பகோணத்துல ஒரு கல்யாணம். தாலி கட்டறதுலேர்ந்து ராத்திரி நலங்கு வரைக்கும், எல்லாரும் பார்க்க முன்வரிசையில உக்காந்திருப்பேன்.

— அப்ப மாடியில யாரு? குஞ்சு, அந்தச் சட்டையைக் கழட்டு. தோளைக் காட்டு. கழட்டுடா! ஒரு தடம் கூட இல்லையே. நீ சுடவே இல்லே. அப்ப அந்தப் பாயில இருக்கிற துளையெல்லாம்...

— நான் சுட்டதுன்னு நீயாத்தானே முதல்ல நினைச்சுக்கிட்டே, நானும் ஆமான்னுட்டேன்.

— துரைராசு. நீ நெல்லு அளக்கிறவன். நம்ம வீட்டு நெல்லு அளக்கிறவன்னுதானே எனக்குத் தெரியும்.

— அதுக்கு முன்னாடி பட்டாளத்துல இருந்தேங்க ஆச்சி. நீங்க கேட்டதில்லே.

— இங்கே பாரு, நான் சொன்னது காதுல விழுந்துதில்லே? நான் அங்கே நிப்பேன். அவனை உரசிக்கிட்டு நிப்பேன்.

— விழுந்துதுங்க. ரெத்தினத்துக்கு எந்தப் பக்கம் நிப்பீங்கன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க ஆச்சி. நான் ஒரு சாண் தள்ளி எடுத்துக்கறேன்.