நான் அடிச்சா அவன் அழிக்கிறான்

...அதாங்க்கா, வயசு முப்பத்தொண்ணுன்னு நான் அடிக்கிறேன், என் கண்ணு முன்னாலயே அது முப்பத்தாறு ஆவுது! யாரு தொட்டா? யாரும் தொடல. மத்தியான நேரம், கடையில ஈ காக்கா இல்ல. அம்புக்குறி பாட்டுக்குத் தன்னால ஓடுது. செத்த நவுந்து ஒக்காருங்க... ஸ்பெஷல் பஸ்ஸாம், சீட்டா வெச்சிருக்கான், பலகைய வெச்சிருக்கான்.

இன்னா சொன்னேன்? ஆங்... எம்பையன் நெடுமாறனுக்குப் பொண்ணு பாக்குறேன். பெங்களூருல கம்ப்யூட்டர் வேல. நமக்கு செஞ்சி பஜார்ல மளிகைக் கடை. பில்லு போட ஒரு கம்ப்யூட்டரு வாங்கிக் குடுத்தான். அதுலயே பொண்ணு பாக்குற சைட்டத் தொறந்து இவனப் பத்தி எழுதுறேன். ஒசரம் ஆறடின்னு போட்டேன், அஞ்சரை ஆயிடுச்சி. மேனேஜருன்னு போட்டேன், எழுத்த ஒண்ணொண்ணா தின்னுது!

பேய்தான்னு முடிவே பண்ணிட்டேன். அங்காளம்மன் திருநீற எடுத்து சிபியு டப்பா மேல பூசுனேன். உள்ள ஃபேனு சுத்துதில்ல, அம்புட்டும் என் மூஞ்சியிலயே அடிச்சிது. சிரிக்காதீங்க.

ரெண்டு நாளு கழிச்சி போன் பண்றான். 'ம்மா, அது நான்தாம்மா.' பெங்களூருல ஒக்காந்துக்கினு என் கடை மவுஸ ஆட்றான்! அவன்து ஆப்பிளு, நம்மளுது விண்டோஸு. வேற வேற வம்சம், ஒண்ணு பேசறது ஒண்ணுக்குப் புரியாது. நடுவுல ஒரு சாப்ட்வேரு தரகராட்டம் நின்னு ரெண்டயும் சேத்து வெக்கிதாம். மிஷினுக்கு மிஷின் சம்பந்தம் அரை நிமிஷத்துல முடியுது, இவனுக்கு ஆறு வருஷமா ஒண்ணும் அமையல!

பிரிண்டரு மக்கர் பண்ணா அங்கேர்ந்தே சரி பண்றதுக்குன்னு போட்டது. மொதல்ல ஒவ்வொரு தடவையும் 'உள்ள விடலாமா'ன்னு ஒரு கட்டம் வந்து கேக்கும். நான் பருப்பு நிறுக்குறதா, அதுக்கு பதில் சொல்றதா? கேக்காமலே வரட்டும்னு டிக்கு அடிச்சிட்டு மறந்தே பூட்டேன். ஆமா, நான்தான் அடிச்சேன். அவன் வேணாம்மான்னுதான் சொன்னான்.

'பொய் எழுதாதம்மா, நாளைக்கு அந்தப் பொண்ணு கிட்ட நான்தான முழிக்கணும்'ங்கறான். ஏண்டா, நெசத்த எழுதுனா எவன்டா பொண்ணு குடுப்பான்? மூணு மாசமா பொண்ணு வூட்டுலேர்ந்து ஒரு போனு வரல. முடி வேற கொட்டிக்கினே போவுது. அதான், அமாவாசையும் அதுவுமா ஆத்தா கிட்டயே கேட்டுடலாம்னு கெளம்பிட்டேன்.

சரி, அவனப் பத்திதான எழுதக் கூடாது? நேத்து என்னப் பத்தி ஒரே ஒரு வரி போட்டேன். 'மாமியார் தங்கமான கொணம், அதிர்ந்து பேச மாட்டாங்க.' அம்புக்குறி வந்துது. நின்னுது. ரொம்ப நேரம் யோசிச்சிதுக்கா... அப்புறம் மொத்த வரியும் காலி!

பெத்தவளயே அழிக்கிறான் பாருங்க.

ஆமா, உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குதுன்னீங்கள்ல, இன்னா படிச்சிருக்குது? ...ஏங்க்கா, ஏன் எழுந்துட்டீங்க? மேல்மலையனூரு இன்னும் அஞ்சு கிலோமீட்டர் இருக்குதே... யக்கா!