இருபத்துநாலு பிட் பாரூக்

பிரியாணியைக் கடையிலேயே உட்கார்ந்து தின்பதற்கும் பார்சல் வாங்கிப் போய்த் தின்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதை நம் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். அதே சீரகச் சம்பா, அதே கறிதான். ஆனால் பொட்டலத்துக்குள் அமுங்கியதும் முதலில் போவது வாசம். எம்பி3 என்பதும் அதுதான். பாட்டை அமுக்கிப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள்; ஜனங்களும் வாயைத் துடைத்துக்கொண்டு நன்றாயிருக்கிறது என்கிறார்கள்.

சௌகத் அலி அண்ணே, உங்கள் தங்கச்சி வீட்டுக் கேசட் விஷயத்தில் நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். சட்டையைப் பிடிக்கவில்லை, நான் வாங்கி வைத்த டீயையும் மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள். அந்த மரியாதைக்காக ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் நான் செய்தது புரியும்.

நான் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். அப்புறம் வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் ஒன்பது வருடம் நைட் ஷிப்ட். மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் காதில் கழிவுப் பஞ்சை அடைத்துக்கொள்வார்கள். நான் அடைத்ததில்லை. காதைப் பொத்துகிறவனுக்குச் சத்தத்தின் அருமை என்ன தெரியும்?

2001இல் வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டேன். கேசட்டை சிடியாக்கித் தருவது, வீடுகளுக்கு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு வூபரும் மாட்டித் தருவது. வயர் இழுக்க சகாயராஜ் கூட இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் ஒரு பரீட்சை வைப்பேன். ஒரே பாட்டை அதிகம் அமுக்கியது, கொஞ்சம் அமுக்கியது, அமுக்காதது என்று மூன்று விதமாகப் போடுவேன். வருகிறவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று எது எது என்று சொல்ல வேண்டும். பத்துக்கு ஆறு வாங்கியவரே குறைவு. சகாயராஜ் ஒவ்வொரு வாரமும் தோற்பான்.

"எல்லாம் ஒண்ணாத்தேன் கேக்குது மாப்ளே. டீ எப்ப வரும்?"

"கழுதைக்குத் தெரியுமாடா கற்பூர வாசம்?"

"நீ ஒரு வாட்டி திரும்பி நின்னு சொல்லேன், பாப்போம்."

நான் நின்றதில்லை. வாத்தியார் பரீட்சை எழுதும் வழக்கம் எங்கும் கிடையாது.

சத்தத்தை அமுக்குவதிலும் டால்பி வேறு, டி.டி.எஸ். வேறு. டால்பி நெருக்கி அமுக்கும், டி.டி.எஸ். கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுக்கும். பிட் என்பது அளக்கிற கரண்டி. பதினாறு பிட் உழக்கால் அளப்பது. இருபத்துநாலு பிட் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையால் அளப்பது. பேசுகிறவன் எச்சில் விழுங்குவதுகூடத் தப்பாது. இம்புட்டு இருந்தும் நம் ஊரில் தேய்ந்த கேசட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

அப்படி ஒரு கேசட்டைத்தான் போன வருடம் உங்கள் தங்கச்சி ஜெய்தூன் அக்கா கொண்டுவந்தார்கள். உங்கள் மச்சான் முகமது பாரூக், மகள் ஜீனத் பிறந்த சேதி கேட்டு சவூதியில் தமாமிலிருந்து பேசி, ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பியது. பிள்ளையின் முகம் பார்க்காமலே அங்கே மௌத்தாகிவிட்டார். ஜீனத்துக்கு அத்தா என்றால் அந்த ஒரு கேசட்தான். அதில் வேறு எதையும் யாரும் பதிந்துவிடக் கூடாதென்று, விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் அவரே உடைத்து அனுப்பியிருந்தார்.

"நிக்காஹ் விருந்துல போடணும் தம்பி. மண்டபம் பூரா கேக்கணும்" என்றார்கள் அக்கா. "இங்க பூட்டுக்கடை வச்சிருந்தப்ப பழகுன பழக்கம், கையில சாவிக்கொத்து இல்லாம இருக்க மாட்டாக. நடுவுல செத்த நேரம் பேச்சே இருக்காது. பிள்ளைக்கு வெளையாட்டுக் காட்டுற கணக்கா சாவிய மட்டும் ஆட்டுவாக. அது முக்கியம், விட்றாதீக."

இருபத்து மூன்று நிமிடம் கேட்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல். மேல்ஸ்தாயி சுத்தமாக இல்லை. நடுவில் நாலு நிமிடம் பேச்சும் இல்லை, சாவியும் இல்லை, வெறும் டேப்தான் ஓடியது. மேல்ஸ்தாயியைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருப்பினேன். சகாயராஜ் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

"ஏலே, காதக் கிழிக்குதுடா."

மட்டமான சத்தத்துக்குப் பழகிய காது அப்படித்தான் ஓடும். அந்தச் சாவி, பாவம், அக்காவின் மனசில் மட்டும்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன்.

ஐந்து ஸ்பீக்கர் மாட்டி அதில் இப்படி ஒன்றைப் போட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதன் மகள் கல்யாணத்துக்கு அழுக்குச் சட்டையோடு வருவதா? அவர் பேசியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன். பதினோரு நாள் அவர் மாதிரியே பேசிப் பழகினேன். பிறகு நானே பேசினேன், இருபத்துநாலு பிட்டில். இருமலை எடுத்துவிட்டேன். "உங்க அம்மாவைப் பாத்துக்க" என்பதை மூன்று தடவை சொல்கிறார், ஒன்று போதும். அந்த நாலு நிமிடத்தையும் எடுத்துவிட்டேன். அதில் தகவல் எதுவும் இல்லை. இருபத்து மூன்று நிமிடம் பதினைந்தாக அழகாக அமைந்தது. அமுக்கினேன் என்று சொல்லாதீர்கள். சுத்தம் செய்தேன்.

அப்புறம் கேசட். இரண்டும் இருந்தால் என்றைக்காவது ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒப்பிட்டால் ஜனங்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் கற்றுக்கொடுத்த பாடம். நாக்கு உடைந்த கேசட்டில் பதிய முடியாது. ஆனால் அந்த ஓட்டையில் செல்லோ டேப்பை ஒட்டினால் பதியும். ஒட்டினேன். ஸ்பீக்கர் சோதிக்கிற ஊளைச் சத்தத்தை முதலிலிருந்து கடைசிவரை பதிந்தேன். அக்காவிடம், டேப் இற்றுப்போய்விட்டது, இனி ஓடவிடாமல் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன்.

விருந்து உங்களுக்கே தெரியும். பந்தி போடும் முன்னால் விளக்கை அணைத்துவிட்டுப் போட்டேன். முன் ஸ்பீக்கரில் சலாம், பின் ஸ்பீக்கரில் மூச்சு. பெண்கள் பக்கம் ஒரே விசும்பல். ஜீனத் சிரித்துக்கொண்டே அழுதது. "எங்கத்தா எம் பின்னாடி நிக்கிறாக" என்றது. நீங்களே என் கையைப் பிடித்து, "மச்சான் குரல் அப்படியே இருக்கு சோலைமலை" என்றீர்கள். என் தொழிலில் அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் இன்றுவரை வேறு எதிலும் இல்லை.

அக்கா மட்டும் கேட்டார்கள். "சாவிச் சத்தம் எங்க தம்பி?"

இரைச்சலை எடுக்கும்போது அதுவும் போயிருக்கும் என்றேன். "உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு இலையில் போய் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டார்களா என்று நான் பார்க்கவில்லை.

போன வாரம் நீங்கள் அந்தக் கேசட்டைக் காரில் போட்டு, ஊளைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்தீர்கள். செல்லோ டேப்பைச் சுரண்டி என் மேஜை மேல் ஒட்டினீர்கள். இவ்வளவுதான் விஷயம். பாரூக்கின் குரல் இப்போது எங்கும் இல்லை. அதை அழித்தது நான்தான். அதைவிட நல்ல ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் அழித்தேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நேற்று மத்தியானம் ஜெய்தூன் அக்கா தனியாகக் கடைக்கு வந்தார்கள். கையில் ஒரு சாவிக்கொத்து. பூட்டுக்கடைக் காலத்துச் சாவிகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"தம்பி, ஞாயித்துக்கெழம எல்லாரையும் நிக்க வப்பீகளாமே, அப்படி நில்லுங்க. நான் இத ஆட்டுறேனா இல்லையான்னு சொல்லுங்க. பத்து வாட்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் முறையாகச் சுவரைப் பார்த்து நின்றேன். பத்துத் தடவை கேட்டார்கள். பத்துத் தடவையும் ஆட்டவில்லை என்றேன். என்னை ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள். என் காதை ஏமாற்ற முடியுமா? திரும்பியபோது அக்கா கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார்கள். படி இறங்கிப் போனார்கள்.

மூலையில் வயர் சுற்றிக்கொண்டிருந்த சகாயராஜ் எல்லாவற்றையும் பார்த்திருந்தான். "பத்துத் தடவையும் ஆட்டுச்சுடா அந்த அக்கா" என்றான்.

அவன் சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள் அண்ணே. அமுக்கியதற்கும் அமுக்காததற்கும் வித்தியாசம் தெரியாத பயல்.