கரையில் போட்ட நாற்காலி

முதலை பார்க்க வருகிறவர்கள் எங்கள் முகாமில் இறங்கியதும் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்றுதான். அடுத்தது வைஃபை. டார்வினுக்குக் கிழக்கே இந்த ஆற்றில் இருபத்திரண்டு வருடமாகப் படகு ஓட்டி வழி காட்டுகிறேன். மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

நாளைக் காலை வனக்காவலர்கள் துப்பாக்கியோடு ஆற்றில் இறங்கப் போகிறார்கள். ஆளைத் தின்றது எது என்று தெரியாததால், கண்ணில் படும் பெரிய முதலையையெல்லாம் சுடுவார்கள். அதற்குள் சொல்லிவிட வேண்டுமென்றுதான் வந்தேன், சார்ஜென்ட்.

அலிஸ்டர் பென்ரோஸ் மெல்போர்ன்காரர். முழங்கை நீளத்துக்கு லென்ஸ், பதினாறு பாக்கெட் வைத்த காக்கிச் சட்டை. கடையில் மடித்த மடிப்புக்கூட அதில் கலையவில்லை. முதல் நாளே பிட்டா கூட்டைக் காட்டினேன். உள்ளங்கையில் அடங்குகிற பறவை, தரையோரம் கூடு கட்டும். தள்ளி நின்று பாருங்கள் என்றேன். அவர் கைபேசியில் வேறொரு ஆண் பிட்டாவின் குரலை ஓடவிட்டார். அது எப்படி வேலை செய்கிறதென்றால், எல்லைக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து ஜோடி இரண்டும் கூட்டை விட்டு வெளியே வரும். படம் அருமையாக விழும். அந்த இடைவெளியில் உடும்பு கூட்டுக்குள் தலையை விடும். நாலு முட்டையும் போயிற்று.

"ஒரு குருவிக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க வெர்ன்? காட்டுல இதெல்லாம் நடக்கறதுதானே?" என்று சிரித்தார்.

காட்டில் என்னென்ன நடக்குமென்று அவருக்கே தெரிந்திருக்கிறது. நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும்?

விடியலில் மீன்கொத்தியைப் படமெடுக்க இடம் கேட்டார். மடக்கு நாற்காலியை நீரிலிருந்து பதினைந்தடி தள்ளிப் போட்டுக்கொடுத்தேன். விதி அதுதான்.

இங்கே வாழ்கிறவர்கள் ஒரே இடத்தில் இரண்டு முறை தண்ணீர் மொள்ள மாட்டார்கள். உவர்நீர் முதலை துரத்திப் பிடிக்கிற பிராணி அல்ல, பார்த்துக் கற்றுக்கொள்கிற பிராணி. முதல் நாள் உங்கள் காலடி அதிர்வைக் கவனிக்கும். மறுநாள் நீங்கள் வரும் நேரத்தை மனதில் வைத்துக்கொள்ளும். பிறகொரு நாள் உங்களுக்கு முன்பே வந்து, மூக்கு நுனிகூடத் தெரியாமல் அடியில் கிடக்கும். ஒரு மணி நேரம் மூச்சடக்கும். அவ்வளவு பொறுமையை எந்த விருந்தாளியிடமும் நான் பார்த்ததில்லை. பென்ரோஸிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

ஐந்து நாள், அதே இடம், அதே நேரம். தினமும் நாற்காலியை இரண்டடி முன்னால் போட்டேன். முகாமில் மீனைக் கொட்டகையில் கழுவி, கழிவைப் புதைப்பதுதான் வழக்கம். அந்த ஐந்து சாயங்காலமும் கொடுவா மீனை அந்தக் கரையிலேயே கழுவினேன். குடல் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்.

சமையற்காரி டோரீன்கூடக் கிண்டல் செய்தாள். "என்ன வெர்ன், அந்தாள தினம் தினம் முன்னாடி தள்ளிக்கிட்டே போறீங்க? நாளைக்கு மீன்கொத்தி அவர் மடியிலதான் முட்டை போடும் போல."

"வெளிச்சம் அங்கதான் நல்லா விழுது டோரீன்."

அது உண்மையும்கூட.

ஆறாம் நாள் நாற்காலி மட்டும் மிதந்தது. கரையில் கிடந்த கேமராவில் கடைசிப் படம் மீன்கொத்தி. அதுவும் மங்கல்.

அந்த முதலைமேல் குற்றமில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். பென்ரோஸைக் கொன்றது நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றை விட்டுவிடச் சொல்லுங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள். கீழாற்றில் சிலர் கம்பில் இறைச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, முதலையைக் குதிக்கவைத்து வேடிக்கை காட்டுகிறார்கள். அவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு மிருகத்தையும் இரை காட்டி வரவழைத்ததில்லை.