பிணத்துக்காக இருமியவன்

என் பெயர் தசரதன், தகப்பனார் பெயர் காலஞ்சென்ற முனுசாமி, வயது நாற்பத்து மூன்று, மதம் பௌத்தம், குடியிருப்பு கோலார் தங்க வயல், ஊரிகம் லைன் வீடு நம்பர் அறுபத்தொன்று. தொழில், சுரங்கத்துக்குள்ளே பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் டிம்பர் வேலை. 1969ஆம் வருஷம் மே மாதம் ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச்சொன்னதன் பேரில் வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். எனக்குக் கன்னடம் கேட்டால் புரியும், தெலுங்கு பேசுவேன், எழுதப் படிக்கத் தமிழ் மட்டும் தெரியும். சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கன்னடத்தில் கேட்பதற்கு நான் தமிழில் சொல்லும் பதிலை ஏட்டய்யா எழுதிக்கொள்கிறார்.

இறந்துபோன ரத்தினம், வயது நாற்பத்தைந்து, ஸ்கெலட்டன் லைனில் குடியிருந்தவர். ஏட்டய்யா 'அவர்' என்று எழுதுகிறார். எனக்கு அவன், அவன்தான், அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். நானும் அவனும் ஒரே நாளில் சுரங்கத்தில் சேர்ந்து, பதினெட்டு வருஷம் ஒரே கூண்டில் இறங்கி ஒரே கூண்டில் ஏறியவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்பு நெஞ்சில் கோளாறு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு அவனை மேலே விளக்கு கொடுக்கும் அறையில் போட்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஷிப்டுக்கும் என் விளக்கை அவன்தான் எடுத்துக் கொடுப்பான், நான் மேலே வந்ததும் அவன்தான் வாங்கி வைப்பான். எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது.

நான் பத்து வருஷமாக எங்கள் பௌத்த சங்கத்துக்கு நாடகம் எழுதிக் கொடுக்கிறேன். எல்லாம் சிரிப்புக் கொலை நாடகம். முதல் வருஷமே சங்கச் செயலாளர் நெடுஞ்செழியன், புத்தர் ஜெயந்தி அன்றைக்குக் கொலை காட்டுவது ஆகாது, உயிரைக் கொல்லக் கூடாது என்பதுதான் நம்முடைய முதல் சீலம் என்று மறுத்தார். கொலை இல்லாவிட்டால் துப்பறிகிறவன் வந்து என்ன செய்வான் என்று நான் கேட்டேன். கடைசியில், கொலை நடக்கலாம், ஆனால் திரை விழுவதற்குள் செத்தவர் உயிரோடு எழுந்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அதன் பிறகு பத்து வருஷமும் நான் செத்தவரை எழுப்புவதற்கு வழி தேடியே காலத்தைக் கழித்தேன். ஒரு வருஷம் கத்தி வெற்றிலைப் பெட்டியில் குத்தி நின்றது. ஒரு வருஷம் செத்தது அவர் இல்லை, யாருக்கும் தெரியாத அவருடைய இரட்டைத் தம்பி என்று சொல்லி, பிறகு அந்தத் தம்பியும் சாகவில்லை என்று ஆக்கினேன். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டால், இல்லை. எங்கள் ஜனங்களும் அது தெரிந்துதான் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பிணமாகப் படுப்பது எப்போதும் ரத்தினம்தான். ஆறு வருஷத்துக்கு முன்பு, பிணமாகக் கிடந்தவன் அடக்க முடியாமல் நிஜமாகவே இருமிவிட்டான். துப்பறிகிறவனாக நடித்த டேவிட் பயந்துபோய் நாற்காலி மேல் ஏறிக்கொண்டான். கூட்டம் சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. அதன் பிறகு நான் ஒவ்வொரு நாடகத்திலும் பிணம் மூன்று தடவை இருமும் என்று எழுதினேன். ஊரில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது அந்த இருமலால்தான். என் கூட்டாளியின் வியாதியை எடுத்து விளையாட்டுக் காட்டியிருக்கிறேன் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

போன மார்ச் மாதம் நான் ரத்தினத்தோடு சண்டை போட்டதாக அவனுடைய அண்ணன் சின்னசாமி என் மேல் இங்கே கொடுத்த மனுவில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். நடந்தது இதுதான். காலை ஷிப்டுக்கு விளக்கு வாங்க நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது ரத்தினம் என்னிடம், "இன்னா தசரதா, இந்த வருசமாவது துப்பறியறவன் வேசம் எனக்குக் குடேன். எவ்ளோ வருசம் படுத்துனே கெடக்கறது?" என்று கேட்டான். நான், "உன்னால மூணு வார்த்தை சேந்தாப்ல பேச முடியுமாடா? உன் இருமலுக்குத்தான்டா கூட்டமே வருது" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான், சிரித்ததில் இருமல் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதன் பிறகு பதினைந்து நாள் என் விளக்கைப் பேசாமல் கொடுத்தான். சண்டை என்றால் அவ்வளவுதான், ஆனாலும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

அதன் பிறகு எனக்கு மனசு கேட்காமல், இந்த வருஷ நாடகத்தில் பிணம் எழுந்த பிறகு அதற்கு ஆறு வரி வசனம் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பழனியம்மா டீ கொடுத்தாள். அவன் படித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வரி சேத்து எழுது" என்றான். மூச்சு பத்தாது என்றேன். "மூச்சு என்னுது. நீ எழுதுறா" என்றான். அங்கேயே உட்கார்ந்து இரண்டு வரி சேர்த்து எழுதினேன். அதன் பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் பழனியம்மா சீட்டைப் பிடித்துக்கொள்ள அவன் சொல்லிப் பழகியதாக எனக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியில் எட்டு வரியையும் நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தி எனக்குச் சொல்லிக் காட்டினான்.

ரத்தினத்தின் சட்டைப் பையில் இருந்து சின்னசாமி எடுத்துக்கொண்டு வந்து ஸ்டேஷனில் கொடுத்த சீட்டு அந்தச் சீட்டுதான். அதில், "எனக்கு விஷம் வைத்தது வேறு யாருமில்லை, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்ட என் கூட்டாளிதான்" என்று எழுதியிருப்பதைக் காட்டி, இது யார் கையெழுத்து என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். என் கையெழுத்துதான். ஒருவனைக் கொல்லப் போகிறவன், கொன்றது நான்தான் என்று தன் கையாலேயே எழுதி, சாகப் போகிறவன் பையில் வைத்து அனுப்புவானா என்று யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பத்து வருஷத்தில் நான் எத்தனையோ அபத்தம் எழுதியிருக்கிறேன், இப்படி ஒரு கட்டத்தை மேடையில் போட எனக்கே தைரியம் வராது. சீட்டின் பின்பக்கம் கடைசி இரண்டு வரி இருக்கிறது, அதையும் படிக்க வேண்டும்.

இந்த வருஷ நாடகத்தின் பெயர் 'பன்னீர் சோடா மர்மம்'. கதைப்படி ஒரு பணக்காரர் சோடா குடித்து விழுந்து சாகிறார். துப்பறிகிறவன் சமையல்காரன், மருமகன், தோட்டக்காரன் என்று எல்லாரையும் சந்தேகப்படுகிறான். கடைசியில், சோடாவில் கலந்தது கலப்பட எலி மருந்து, அதைத் தின்ற எலியே கொழுத்துப் போயிற்று, பணக்காரர் தூக்க மாத்திரையால்தான் அசந்து கிடந்தார் என்று தெரியவந்து அவர் எழுந்து உட்கார்ந்து, மருந்து வைத்த கூட்டாளியைக் காட்டிக் கொடுக்கிறார். மேடையில் விஷம் எதுவும் கலக்கவில்லை, கலப்பதுபோல் கையை மட்டும் காட்டினோம். சோடா கடைவீதியில் துளசிராமன் கடையில் நான் வாங்கியது, நாலு பாட்டில். ஒன்றை நான் குடித்தேன், ஒன்றை டேவிட் குடித்தான், ஒன்று மேடையில் ரத்தினம் குடிக்க உடைத்துக் கொடுத்தது, மீதி ஒன்று இந்த ஸ்டேஷன் மேஜை மேல் இருக்கிறது. துளசிராமன் நேற்று முதல் கடையை மூடிவிட்டு இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சோடாவில் ஒரு குற்றமும் இல்லை. அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக்கு, சங்கக் கொட்டகையில், பஞ்சசீலம் சொல்லி முடித்து நாடகம் ஆரம்பமாயிற்று. நான் எப்போதும்போலப் பக்கத்துத் திரைக்குப் பின்னால் நோட்டைப் பிடித்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுக்க நின்றேன். ரத்தினம் மேடைக்குப் போகும் முன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, "பார்க்கவே மாட்டேன், சும்மா தகிரியத்துக்கு வச்சினுகீறேன்" என்றான். முகம் வெளுத்திருந்தது, பவுடர் என்று நினைத்தேன். அதன் பிறகு நாலு மணி சுமாருக்கு அவன் சோடா குடித்து விழுந்தான், அவன் மேல் வெள்ளைத் துணி போர்த்தினார்கள். டேவிட் வந்து குனிந்து பார்த்ததும் முதல் இருமல் சரியாக வந்தது, கூட்டம் சிரித்தது. இரண்டாவது இருமல் மெதுவாக வந்தது. அப்போது கொட்டகைக் கடிகாரத்தில் நாலு பத்து.

மூன்றாவது இருமல் வரவில்லை. "ஐயோ பாவம், இனிமே இவர் வாயே திறக்க மாட்டார்" என்ற வசனத்துக்கு அது வர வேண்டும். டேவிட் அந்த வசனத்தை இரண்டாம் தடவை சொன்னான். மூன்றாம் தடவை சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தான். கூட்டத்தில் பேச்சு எழும்பியது. ரத்தினம் அசந்துவிட்டான், அல்லது கடைசி வசனத்துக்காக மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேனா, இல்லை நாடகம் கெட்டுப்போகிறதே என்பது மட்டும்தான் மனசில் இருந்ததா என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் திரைக்குப் பின்னால் இருந்து ரத்தினத்தைப் போலவே இருமினேன். இருபது வருஷம் பக்கத்தில் இருந்து கேட்ட இருமல், எனக்கு நன்றாக வரும். கூட்டம் கொல்லென்று சிரித்தது. டேவிட் நிம்மதியாக அடுத்த வசனத்துக்குப் போனான். கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பு நன்றாக இருந்தது என்று, நோட்டில் இல்லாத இடத்தில் இன்னொரு தடவையும் இருமினேன்.

நான் இருமிய அந்த இரண்டாவது இருமலுக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, பெண்கள் பக்கத்தில் முன்வரிசைப் பாயில் இருந்து பழனியம்மா எழுந்தாள். யாரையும் பார்க்காமல் நேரே நடந்து வந்து மேடை மேல் ஏறினாள். இதுவும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். "இந்த வருசம் நெஜப் பொண்டாட்டியே வந்துட்டாடோய்" என்று யாரோ கத்தினார்கள். டேவிடுக்கும் ஒன்றும் புரியாமல், "அம்மா, போலீஸ் வர வரைக்கும் பொணத்தைத் தொடக் கூடாது" என்று சமாளித்தான், அதற்கும் சிரித்தார்கள். அவள் துணியை விலக்கி அவன் நெஞ்சில் கை வைத்தாள். அதன் பிறகு நான் நோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்போது மணி நாலு இருபத்தைந்து.

நானும் டேவிடும் இன்னும் நாலு பேரும் அவனை நாடகத்துக்குப் போட்டிருந்த கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு உயிர் இல்லை என்று சொன்னார். பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால் என்று நான் கேட்டதற்கு அவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு வராந்தாவில் பழனியம்மா என்னிடம், "கடசியா வந்த ரெண்டு இருமலும் உங்குளுதாண்ணா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றேன். "அவுரு இருமுனா கடசில ஒரு விசில் சத்தம் வரும்ணா. அது வரல" என்றாள். அதன் பிறகு இன்று வரை அவள் என்னோடு பேசவில்லை.

ஆறு மணிக்கு நான் கொட்டகைக்குத் திரும்பி வந்தேன். ஜனங்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை குட்டிகளோடு அப்படியே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நெடுஞ்செழியன் மேடையில் ஏறி, ரத்தினம் காலமானார் என்று இரண்டு தடவை சொல்லியும் சிலர் சிரித்தபடியே இருந்தார்கள். எங்கள் நாடகத்தில் செத்தவர் எழுந்துவிடுவார் என்பது ஊருக்கே தெரியும், பத்து வருஷமாக நான்தான் அப்படிப் பழக்கியிருக்கிறேன். நான் மேடையில் ஏறி நின்றேன். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

சின்னசாமி மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பி செத்ததற்கு ஒரு ஆள் காரணமாக இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கிறார், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் விஷம் வைக்கவில்லை. மேற்படி சீட்டு விசாரணை முடிந்ததும் பழனியம்மாவிடம் கொடுக்கப்பட வேண்டும், அது அவள் வீட்டுச் சாமான். பின்பக்கம் ரத்தினம் சேர்க்கச் சொல்லி நான் எழுதிய இரண்டு வரி இதுதான்: "அழாதே, நான் சாகவில்லை. விளையாட்டு முடிந்தது, வா, வீட்டுக்குப் போகலாம்."

ஏட்டய்யா இவ்வளவையும் எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, "நீ இருமினது கேஸுக்கு வேண்டியதில்லப்பா, அது எந்தச் சட்டத்துலயும் குத்தமில்ல, அடிச்சிடட்டுமா?" என்று கேட்டார். அடிக்க வேண்டாம் என்று சொன்னேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ இல்லை, எல்லாம் நடந்தது என்று அறிந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) மு. தசரதன்
6-5-1969