நீலச் சட்டையின் உள்தையல்

உங்கள் சட்டையின் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தைத்தவர் மேல் தப்பில்லை. நீங்கள் பையை எப்போதும் அந்தப் பக்கமே மாட்டுகிறீர்கள், தோள் சாய்ந்துவிட்டது. தையலுக்கு உள்ளே துணி விட்டிருந்தால் இதைச் சரிசெய்வது சின்ன வேலை. கடையில் விற்கும் உடுப்புகளில் அப்படி விடுவதே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்ததெல்லாம் அந்த உள்ளே விட்ட துணியில்தான் நடந்தது.

நானும் தங்கையும் அப்பா விட்டுப்போன வயல்வீட்டில் இருந்தோம். தங்கையைச் சின்னவள் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நான் பழைய காலத்து உடுப்புகள் தைப்பேன். கழுத்துவரை பட்டன், தோளில் பஃப், மணிக்கட்டில் இறுகும் நீளக் கை, கணுக்காலைத் தொடும் பாவாடை. அதையெல்லாம் போட்டுக்கொண்டு அவள் ஆடு மேய்ப்பாள், கோழிக்குத் தீவனம் வைப்பாள். வெங்காயத் தோலைக் கொதிக்கவைத்துத் துணிக்குச் சாயம் போடுவாள், களிமண்ணில் கிண்ணம் செய்வாள், ஒரு கதவை விடாமல் பூ வரைவாள். படம் பிடித்துப் போனில் போடுவோம். யார் யாரோ பார்த்துப் பாராட்டுவார்கள். படத்தில் தெரிவது அவள் முகம், என் கைவேலை. எனக்கு அது போதும்.

அவளுக்கு வராதது தையல் ஒன்றுதான். அவள் ஒரு வரிசை தைத்தால் அது குடித்துவிட்டு வீடு திரும்புகிறவன் நடையில் போகும். கடைசியில் முடிச்சும் போட மாட்டாள். "முடிச்சுப் போடுடி, பிரிஞ்சுடும்" என்பேன். "பிரிஞ்சா நீ தச்சுக் குடுக்கமாட்டியா?" என்பாள்.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. எனக்குத் தனியாக இருக்கப் பயம். ஏதோ கொஞ்சம் பயம் என்று நினைக்காதீர்கள். அவள் கடைக்குப் போய்த் திரும்பத் தாமதமானால் மெஷினை நிறுத்திவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவேன். மூச்சு அடைக்கும், விரல்கள் மரத்துப்போகும். அவள் வந்து தோளைத் தட்டி, "நான்தான் வந்துட்டேன்ல, எழுந்திரு" என்று சொன்ன பிறகுதான் உள்ளே போவேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள்.

மாட்டு டாக்டர் முதலில் ஆட்டுக்குத்தான் வந்தார். மருந்து அளவு பார்க்க ஆடுகளை நிறுத்தும் தராசு ஒன்று அவர் வண்டியில் இருக்கும். ஒருநாள் விளையாட்டுக்கு அவளையும் அதில் ஏற்றினார். "பரவாயில்லையே, நல்ல கிடா எடை" என்றார். அவள் அவரை அடிக்கத் துரத்தினாள். நானும் சிரித்தேன். பிறகு ஆடுகள் நன்றாக இருந்த நாட்களிலும் அவர் வந்தார்.

கல்யாணம் பேசியது அவர்தான். அவருக்கு நகரத்துக்கு மாற்றல் வந்திருந்தது. "நீயும் எங்ககூட வந்துடு அக்கா" என்று சின்னவள் சொன்னாள். அந்த மாதிரி வார்த்தைகளை மனிதர்கள் சொல்லத்தான் செய்வார்கள். இன்னொருவர் வீட்டு மூலையில் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. அவளே மெல்ல மெல்ல என்னை மறந்துவிடுவாள் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

முதல் முறை நடந்தது தற்செயல். ஒரு சட்டை இடுப்பில் பிடிக்கிறது என்றாள். பிரித்து விட்டேன், கொஞ்சம் கூடிவிட்டது. கண்ணாடி முன் நின்றவள் துணியைக் கையில் பிடித்துப் பார்த்து, "அக்கா, நான் இளைச்சிட்டேனா?" என்றாள். எங்கள் அம்மா அப்படித்தான் போனாள், இளைத்து இளைத்து. சின்னவள் முகத்தில் அந்தப் பயம் வந்து போனதைப் பார்த்தேன். "கல்யாணக் கவலையா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவளைப் போகவிடாமல் வைத்துக்கொள்ள வழி தெரிந்துவிட்டது.

அதன்பிறகு அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும் காலை வேளைகளில் ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தேன். இந்தப் பக்கம் ஒரு நூல் அளவு, அந்தப் பக்கம் ஒரு நூல் அளவு. பழைய பாணியில் உள்ளே துணி தாராளமாக விடுவோம், அதனால் வெட்டு எதுவும் தேவைப்படவில்லை. பழைய ஊசித்துளைகள் மேல் ஆவி காட்டித் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாது. பாவாடை இடுப்பில் நழுவ ஆரம்பித்தது. மணிக்கட்டில் கை சுழன்றது. அவள் சாப்பிடும்போது தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இன்னும் கொஞ்சம் பரிமாறுவேன்.

பக்கத்து ஊர் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். நிறுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு முன்ன எவ்வளவு இருந்தீங்க?" என்று கேட்டார். தெரியாது என்றோம். அந்த ஆட்டுத் தராசு அவளுக்கு ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார்.

மாட்டு டாக்டர் விடவில்லை. வண்டியிலிருந்து தராசை இறக்கி வாசலில் வைத்தார். "அன்னைக்கு எவ்வளவுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஏறி நில்லுங்க, ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

நான் கதவோரம் நின்றேன். ஒரு காலை எடுத்து அதில் வைத்தாளானால் எல்லாம் முடிந்தது. அவள் தராசைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேணாம். எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கவனியுங்கள், நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டாம் என்று சொன்னது அவள்தான். உடம்பு தேறியதும் கல்யாணத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரிடம் சொன்னதும் அவள்தான். அவர் மாற்றலாகிப் போனார். போனில் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

நான் அதோடு நிறுத்திவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்குப் புதுச் சட்டை தைக்க அளவெடுத்தபோதுதான் டேப் வேறு மாதிரி காட்டியது. டேப் நைந்துவிட்டது என்று இன்னொன்றை எடுத்தேன். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாகத்தான் இருந்தன. அவள் நிஜமாகவே இளைத்திருந்தாள்.

அந்த நிமிடத்தில் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "என்ன அக்கா, அளவு மாறிடுச்சா?" என்று கேட்டாள். "இல்லடி, அதே அளவுதான்" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அங்கே உடுப்பைக் கழற்றச் சொல்வார்கள். பழைய கணக்கெல்லாம் கேட்பார்கள். மாட்டு டாக்டர் ஓடி வருவார், அந்த எடையைச் சொல்வார், எது எப்போது குறைந்தது என்று தேடுவார்கள். முதலில் நடந்தது பொய் என்று தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிப்பாளா? யோசித்துப் பார்த்தேன். வேறு வழி இருக்கவில்லை. எல்லாச் சட்டைகளையும் உள்ளே பிடித்துச் சின்னதாக்கித் தைத்தேன்.

அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. "அக்கா, அக்குள்ல இறுக்குது. நான் தேறிட்டேன்" என்று கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். இருமிக்கொண்டே சுற்றினாள். சாயங்காலம் போனை எடுத்து, "அவர்கிட்ட சொல்லிடட்டுமா?" என்றாள். மறுநாள் காலை ஒரு நூல் பிரித்து விட்டேன்.

இப்படித்தான் போயிற்று. கிளம்பிப் போகும் அளவுக்குத் தேறவும் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்குப் படுக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அவளை வைத்துக்கொள்வது லேசான வேலை இல்லை. அவள் உள்ளே இளைத்துக்கொண்டே போனாள், நான் அவளைத் துரத்திக்கொண்டே தைத்தேன். மாலையில் காய்ச்சல் வரும், ராத்திரி தலையணை நனையும். களிமண்ணை உருட்டக் கையில் பலம் இல்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் சட்டை சரியாக இருக்கும். உயரக் கழுத்து கழுத்தெலும்பை மறைக்கும். பழைய காலத்து உடுப்பில் அது ஒரு வசதி.

ஒருநாள் அவளுடைய நீலச் சட்டையைப் பிடிக்க எடுத்தேன். உள்ளே திருப்பாமலே தெரிந்தது, அது ஏற்கனவே பிடித்துத் தைத்திருந்தது. நானே செய்து மறந்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்ப மாட்டிவைத்தேன். அதற்குப் பிறகு அவள் அதை என்னிடம் கொடுக்கவில்லை. "இதை நானே துவைச்சுக்கறேன், உனக்கு ஏன் சிரமம்" என்பாள். போன் அடித்தாலும் எடுப்பதைக் குறைத்துக்கொண்டாள். ஒருமுறை நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ பயப்படாத அக்கா. நான் எங்கயும் போகல" என்றாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு மதியம் சாயப் பானைக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த நீலச் சட்டைதான் போட்டிருந்தாள். காசநோய்தான், நேரத்தில் வந்திருந்தால் மாத்திரையிலேயே குணமாகியிருக்கும் என்று பிற்பாடு பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் டாக்டர் சொன்னார். அவர் அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மாட்டு டாக்டர் வந்தார். அழவில்லை. அவள் கையைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டைத் தொட்டுப் பார்த்தே பட்டினி கிடந்ததா என்று சொல்கிற ஆள். "உடம்புல ஒண்ணுமே இல்ல. சட்டை மட்டும் எப்படி இவ்வளவு சரியா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். பிறகு மணிக்கட்டுத் துணியை உட்புறமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். ஊசித்துளைகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அவள் தானே துவைக்க ஆரம்பித்த பிறகு ஆவி காட்டித் தேய்க்க அந்தச் சட்டை என் கைக்கு வரவே இல்லை. அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறார்.

நான் அவளைக் கொன்றேனா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது, துணியில் ஒரு இடத்தில்கூடக் கத்தரி பட்டதில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவள் போய்விடுவாள் என்ற பயம்தான்.

இப்போது இந்த நீலச் சட்டையை மேஜையில் விரித்துவைத்து, இடுப்பில் இருக்கும் இந்த வரிசை யாருடையது என்று கேட்கிறீர்கள். பார்த்தாலே தெரிகிறதே. இப்படி வளைந்து வளைந்து நான் தைப்பேனா? அவளுடையது. தோளில் பழைய துணியை மடித்து வைத்துத் தைத்திருப்பதும் அவள்தான். சதை இருக்கிற மாதிரி தெரியட்டும் என்று செய்திருக்கிறாள். வீட்டில் அவளைப் பார்க்க என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

நீங்கள் சொல்ல வருவது எனக்குப் புரிகிறது. தான் இளைப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, நான் பயந்துவிடக் கூடாது என்று மறைத்திருக்கிறாள், தெரிந்தேதான் என்னோடு இருந்திருக்கிறாள் என்கிறீர்கள். அப்படி இருக்க முடியாது. அப்படி இருந்தால் நான் முதல் தையலையே பிரித்திருக்க வேண்டியதில்லை.

மற்றதெல்லாம் என் வேலைதான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சட்டையை மட்டும் கொஞ்சம் இப்படித் தள்ளுங்கள். அந்த ஒரு வரிசையைப் பிரித்துவிடுகிறேன். நீங்கள் ஊசியோ கத்தரியோ தர மாட்டீர்கள் என்று தெரியும், பரவாயில்லை. நகத்தால் இழுத்தாலே வந்துவிடும், அவள் முடிச்சுப் போட்டிருக்க மாட்டாள்.